சுவரிலிருந்து வந்த சர்நேம்!

நேப்பிள்ஸ் ரயில்வே ஸ்டேஷன்ல இறங்கினதும் ஒரு சின்ன டெஸ்ட் வைக்கலாம். பிளாட்பாரம் நடுவுல நின்னு, "மிஸ்டர் எஸ்போஸிட்டோ!"ன்னு சத்தமா கூப்பிட்டுப் பாருங்க. காபி குடிச்சிட்டிருக்கிறவர், பெட்டியை இழுத்துக்கிட்டு ஓடுறவர், டாக்ஸிக்கு ஆள் பிடிக்கிறவர்னு நாலு பேராவது திரும்பிப் பார்க்க சான்ஸ் இருக்கு. நாலு பேரும் அண்ணன் தம்பியான்னு கேட்டீங்கன்னா, "சத்தியமா இல்லை"ன்னு சிரிப்பாங்க. ஒரே சர்நேம், ஆனா ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. மேட்டரே அங்கேதான் ஆரம்பிக்குது பாஸ்!

இத்தாலி முழுக்க அதிகமா இருக்கிற குடும்பப் பெயர்கள்ல டாப் டென்னுக்குள்ள வர்ற பேர், எஸ்போஸிட்டோ. நேப்பிள்ஸ்லயும் அதைச் சுத்தியிருக்கிற கம்பானியா மாநிலத்துலயும் அதுதான் நம்பர் ஒன். சாதாரண நேப்பிள்ஸ்காரர்னு ஒருத்தரைக் கற்பனை பண்ணச் சொன்னா, அந்த ஊர் ஆளுங்க மனசுல சட்டுனு வர்ற பேர் 'ஜென்னாரோ எஸ்போஸிட்டோ'. ஜென்னாரோ அந்த ஊரோட காவல் புனிதர். இத்தாலியோட காமெடி கிங் தோத்தோ, 1951-ல் வெளியான 'கார்தியே எ லாத்ரி' படத்துல திருடனா வருவார். அந்தத் திருடனோட பேரும் எஸ்போஸிட்டோதான். 1889-ல் மார்கெரிட்டா மகாராணிக்காகத் தக்காளி, மொஸரெல்லா சீஸ், பேசில் இலைன்னு மூணு கலர்ல பீட்ஸா சுட்டார்னு சொல்லப்படுற ரஃபாயேலும் ஒரு எஸ்போஸிட்டோ. அந்தக் கதை எவ்வளவு தூரம் நிஜம்னு வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க. பீட்ஸாவோட பேர் மட்டும் மார்கெரிட்டான்னே நிலைச்சிடுச்சு!

அட்லாண்டிக்கைத் தாண்டினாலும் இந்தப் பேர் விடாது. 'பிரேக்கிங் பேட்' சீரியல்ல சத்தமே போடாம எல்லாரையும் நடுங்க வெச்ச கஸ் ஃப்ரிங்கை ஞாபகம் இருக்கா? அந்த நடிகர் ஜியான்கார்லோ எஸ்போஸிட்டோ. அப்பா நேப்பிள்ஸ்காரர். கனடாவுல பிறந்த ஐஸ் ஹாக்கி புலி ஃபில் எஸ்போஸிட்டோ, 1969-ல் என்.ஹெச்.எல். போட்டியில ஒரே சீசன்ல 100 பாயின்ட் தொட்ட முதல் ஆள்.

ஒரு டிப்ஸ். அமெரிக்காக்காரங்க இந்தப் பேரை 'எஸ்போ-ஸீ-ட்டோ'ன்னு இழுப்பாங்க. நேப்பிள்ஸ்ல அழுத்தம் முன்னாடியே விழுந்துடும்... 'எஸ்-போ-ஸிதோ'. 'போ'வை அழுத்திச் சொன்னா, 'பரவாயில்லையே, ஊருக்குப் புதுசு மாதிரி தெரியலையே'ன்னு பார்ப்பாங்க.

சரி, இந்தப் பேருக்கு என்ன அர்த்தம்? லத்தீன்ல 'எக்ஸ்போஸிதுஸ்'. தமிழ்ல சொன்னா, 'வெளியே வைக்கப்பட்டவன்'. வாசல்ல விடப்பட்ட குழந்தை. அதாவது, பெத்தவங்க விட்டுட்டுப் போன பிள்ளைகளோட கழுத்துல மாட்டின பேர்தான், இன்னிக்கு ஒரு பெரிய நகரத்தோட நம்பர் ஒன் பேர். இது எப்படி நடந்ததுன்னு தெரிஞ்சுக்க, கொஞ்சம் நடக்கணும். ஷூ லேஸைக் கட்டிக்கோங்க!

ஃபோர்செல்லாவுக்கு ஒரு நடை

ரோம்ல இருந்து ஃபாஸ்ட் டிரெயின் பிடிச்சா ஒண்ணேகால் மணி நேரத்துக்குள்ள நேப்பிள்ஸ். ஸ்டேஷன் வாசல்ல இருக்கிற பெரிய சதுக்கம் பியாட்ஸா கரிபால்டி. ஹாரன் சத்தம், ஸ்கூட்டர் புகை, பிளாட்ஃபார்ம் கடை, செல்போன் கவர் வியாபாரம்னு எல்லாமே கலந்துகட்டி இருக்கும். பர்ஸ் மேல ஒரு கண் இருக்கட்டும். ஸ்டேஷனுக்கு முதுகைக் காட்டி நின்னா, சதுக்கத்தோட மறு முனையில இடது பக்கமா நேர்கோடு போட்ட மாதிரி ஒரு ரோடு தெரியும். அதுதான் கோர்ஸோ உம்பெர்த்தோ. 1884-ல் காலரா வந்து ஊரைப் புரட்டிப் போட்ட பிறகு, நெரிசலான குடியிருப்புகளை இடிச்சுப் போட்ட சாலை. ஊர்க்காரங்க அதை 'ரெத்திஃபிலோ'ன்னு செல்லமா கூப்பிடுறாங்க. நேர்கோடுன்னு அர்த்தம்.

அதுல கொஞ்ச தூரம் நடந்து வலது பக்கம் திரும்பினா, நேர்கோடெல்லாம் காணாமப் போயிடும். வளைஞ்சு நெளிஞ்சு போற சந்துகள், பால்கனிக்கு பால்கனி காயுற துணிகள், மாடியில இருந்து கயித்துல இறங்குற கூடைகள். இதுதான் ஃபோர்செல்லா. மாஃபியா கதைகள்ல அடிபட்டு அடிபட்டு பேர் கெட்டுப்போன ஏரியா. இதோட ஒரு முனையில, 2015-ல் ஜோரிட்ங்கிற ஓவியர் ஒரு கட்டடச் சுவர் முழுக்க புனித ஜென்னாரோவை வரைஞ்சிருக்கார். புனிதருக்கு மாடலா அவர் எடுத்துக்கிட்டது ஒரு சாதாரண தொழிலாளியோட முகத்தை!

நாம தேடி வந்தது அந்தச் சுவரை இல்லை. அன்னுன்ஸியாத்தா தெருவுல இருக்கிற இன்னொரு சுவரை.

சுவர்ல ஒரு ஓட்டை

வானதூதர்கிட்ட இருந்து மங்கள வார்த்தையைக் கேட்ட மரியாளைத்தான் இத்தாலியில 'அன்னுன்ஸியாத்தா'ன்னு சொல்றாங்க. அந்தப் பேர்ல 14-ம் நூற்றாண்டுல இங்கே ஒரு ஆலயமும், அதோடு சேர்ந்து ஆஸ்பத்திரியும் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லமும் வளர்ந்தன. 1757-ல் தீப்பிடிச்சு ஆலயம் எரிஞ்சுபோக, அந்தக் காலத்து ஸ்டார் கட்டடக் கலைஞர் லூயிஜி வான்விதெல்லி அதைத் திரும்ப எழுப்ப ஆரம்பிச்சார். மகன் கார்லோ முடிச்சு வெச்சார். உள்ளே போனா வெள்ளைத் தூண்களும் பெரிய குவிமாடமும் அண்ணாந்து பார்க்க வைக்கும். ஆனா, இந்த வளாகத்துல நாம பார்க்க வேண்டிய விஷயம் அண்ணாந்து பார்க்கிற உயரத்துல இல்லை. கை எட்டுற உயரத்துல இருக்கு.

தெருப்பக்கச் சுவர்ல ஒரு சின்ன திறப்பு. அதுக்குப் பின்னால மரத்துல செஞ்ச ஒரு உருளை. நிக்க வெச்ச பீப்பாய் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும். இதுக்குப் பேர் 'ரோத்தா'. சக்கரம்னு அர்த்தம்.

ராத்திரி நேரம். தெருவுல ஒருத்தர் வருவார். துணியில சுத்தின குழந்தையை உருளைக்குள்ள வைப்பார். மணியை அடிப்பார். உருளை சுத்தும், திறந்த பக்கம் உள்ளே போயிடும். உள்ளே அதுக்குன்னே காவல் இருக்கிற பெண் குழந்தையை எடுத்துக்குவாங்க. உள்ளே இருக்கிறவங்களுக்கு வெளியே வந்தது யாருன்னு தெரியாது. வெளியே இருக்கிறவங்களுக்குக் குழந்தையை வாங்கினது யாருன்னு தெரியாது. கேள்வி கிடையாது, விசாரணை கிடையாது.

உள்ளே போன குழந்தையைக் குளிப்பாட்டி, ஞானஸ்நானம் கொடுத்து, கழுத்துல ஈயத்துல செஞ்ச ஒரு முத்திரையைக் கட்டிவிடுவாங்க. அப்புறம் பதிவேட்டுல என்ட்ரி. எந்த நாள், எந்த நேரம், பார்த்தா எத்தனை நாள் குழந்தை மாதிரி தெரியுது, உடம்புல என்ன துணி, கூட ஏதாவது அடையாளம் இருந்ததா... எல்லாம் எழுதுவாங்க. கடைசியா, பேர். முதல் பேர் ஏதாவது ஒரு புனிதர் பேரா இருக்கும். குடும்பப் பேர்னு கேட்கிற இடத்துலதான் சிக்கல். குடும்பமே தெரியாதே! அந்தக் காலி இடத்துல விழுந்த வார்த்தைதான் எஸ்போஸிட்டோ.

முதல்ல அது பேரே இல்லை. குழந்தை எந்த வழியா வந்ததுன்னு சொல்ற ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பே சர்நேம் ஆயிடுச்சு. அந்தப் பிள்ளை வளர்ந்து, கல்யாணம் பண்ணி, அதுக்குப் பிள்ளை பிறந்தா அதுவும் எஸ்போஸிட்டோ. இதே வழக்கம் தென் இத்தாலியில மத்த ஊர்கள்லயும் இருந்ததால, பேர் ஆலமரமா பரவிடுச்சு. இதுக்கு ஆயிரக்கணக்கான வேர்கள். ஒவ்வொரு எஸ்போஸிட்டோ குடும்பத்தோட வம்ச வரைபடமும் பின்னால போய்க்கிட்டே இருந்து, ஏதோ ஒரு சுவர்ல முட்டி நின்னுடும்.

யார் விட்டுட்டுப் போனாங்க?

'கல் நெஞ்சக்காரங்க'ன்னு ஒரே வார்த்தையில தீர்ப்பு சொல்லிட முடியாது ஃப்ரெண்ட்ஸ். கல்யாணம் ஆகாத பொண்ணு கர்ப்பமானா, குடும்ப மானம் போச்சுன்னு ஊரே சேர்ந்து குழந்தையை அம்மாகிட்ட இருந்து பிரிச்ச காலம் அது. குழந்தையைச் சக்கரத்துக்குக் கொண்டு வந்து சேர்த்தது பல சமயம் பிரசவம் பார்த்த மருத்துவச்சி. அம்மா முகத்தைக்கூட சரியா பார்த்திருக்க மாட்டாங்க. இன்னொரு பக்கம், கல்யாணம் ஆன ஏழைத் தம்பதிகளும் வந்தாங்க. ஏற்கெனவே நாலு பிள்ளை, வீட்டுல ரொட்டி இல்லை, அஞ்சாவதுக்குப் பால் இல்லை. 'அங்கேயாவது பால் கொடுக்க ஆள் இருக்கு'ன்னு நம்பி வெச்சுட்டுப் போனாங்க.

எண்ணிக்கையைக் கேட்டா தலை சுத்தும். 19-ம் நூற்றாண்டுல நேப்பிள்ஸ் அன்னுன்ஸியாத்தாவுக்கு மட்டும் வருஷத்துக்கு ஏறக்குறைய 2,000 குழந்தைகள். 1860-கள்ல மிலான்ல வருஷத்துக்கு 4,000-க்கும் மேல.

இதுல இருக்கிற பெரிய சோகம், அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்யா போனதுதான். அத்தனை குழந்தைகளுக்கும் பால் கொடுக்கச் செவிலித்தாய்கள் போதலை. ஒரே அறையில நெருக்கியடிச்சுப் படுக்க வெச்சா நோய் சும்மா இருக்குமா? பெரிய ஊர் இல்லங்கள்ல பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவே இல்லை. கிராமத்துல வளர்ப்பு வீடு கிடைச்ச குழந்தைகளுக்குப் பிழைக்க வாய்ப்பு கொஞ்சம் அதிகம்.

அப்போ இன்னிக்கு இத்தனை எஸ்போஸிட்டோக்கள் இருக்காங்கன்னா என்ன அர்த்தம்? அவங்க ஒவ்வொருத்தரோட மூதாதையும், பிழைச்சதே பெரிய விஷயமா இருந்த இடத்துல பிழைச்சு வந்த குழந்தை. 'கைவிடப்பட்டவன்'னு டிக்ஷனரி சொல்லுது. கணக்குப் போட்டா, 'தப்பிப் பிழைச்சவன்'னுதான் அர்த்தம் வருது!

ஊருக்கு ஒரு பேர்

நேப்பிள்ஸ் மட்டும் இல்லை... இத்தாலி வரைபடத்துல மேலே போகப் போக, இதே கதைக்கு வேற வேற பேர் வெச்சிருக்காங்க.

ரோம்ல 'ப்ரொயெத்தி'. 'வீசப்பட்டவர்கள்'னு அர்த்தம். கேட்கவே குரூரமா இருக்குல்ல? ஆனா, ரோம் தலையில தூக்கிவெச்சுக் கொண்டாடின மேடை நடிகர் ஜிஜி ப்ரொயெத்தி. 2020-ல், தன்னோட 80-வது பிறந்தநாள் அன்னிக்கே இறந்துபோனார். வீசப்பட்டவர்கள்ங்கிற பேர் அவரை யார் மனசுல இருந்தும் வெளியே வீசலை.

பொலோனியா பக்கம் 'தெலி எஸ்போஸ்தி'ன்னு பேர் நீளும். மிலான் ஆஸ்பத்திரியோட சின்னம் புறா. இத்தாலிய மொழியில புறாவுக்கு 'கொலோம்போ'. அந்த ஆஸ்பத்திரி வளர்த்த பிள்ளைகளுக்கு அதுவே சர்நேம் ஆச்சு. இந்த வழக்கம் 1825 வரைக்கும் ஓடுச்சு. அதனாலேயே மிலான்ல தடுக்கி விழுந்தா ஒரு கொலோம்போ மேலதான் விழணும். ஆனா, கொலம்பஸையும் இந்த லிஸ்ட்ல சேர்த்துடாதீங்க. அவர் ஜெனோவாக்காரர். புறாவை வெச்சு வந்த பேர் வேற வழிகள்லயும் உண்டு.

இருக்கிறதுலயே அழகான பேர் ஃப்ளாரென்ஸ்லதான். 'இன்னொசென்தி'... அப்பாவிகள்! புரூனெலெஸ்கி வடிவமைச்ச அந்தக் குழந்தைகள் இல்லத்துக்கு முதல் குழந்தை வந்தது 1445 பிப்ரவரி 5-ம் தேதி. அன்னிக்கு புனித அகதா திருநாள். குழந்தைக்கு அகதா ஸ்மெரால்தான்னு பேர் வெச்சாங்க. கட்டடத்தோட முகப்புல, நீல வட்டத்துக்குள்ள துணி சுத்தின வெள்ளைக் குழந்தைகள் சிற்பமா கையை விரிச்சு நிக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தோட முத்திரையில இருக்கிறது அதுல இருந்து எடுத்த குழந்தைதான். நம்ம தாத்தா காலத்து லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரை உருவாக்கின முதலாளியோட சர்நேமும் இன்னொசென்தி!

அந்த ஃப்ளாரென்ஸ் இல்லத்துல இப்போ ஒரு மியூசியம் இருக்கு. அங்கே வரிசையா சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொண்ணுலயும் குழந்தையோடு வந்த ஒரு அடையாளம்... ரெண்டா வெட்டின பதக்கம், துண்டு ரிப்பன், பாதி நாணயம். மறு பாதி அம்மாகிட்ட இருக்கும். என்னிக்காவது திரும்பி வந்து, ரெண்டு பாதியையும் பொருத்திக் காட்டி, 'இது என் பிள்ளை'ன்னு சொல்றதுக்கு. மியூசியத்துல இருக்கிறது எல்லாம் ஒரு பாதி மட்டும். மறு பாதி வரவே இல்லை. கல்நெஞ்சம்னு தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி, அந்த இழுப்பறைகள்ல ஒண்ணையாவது திறந்து பார்க்கணும்.

ராஜா போட்ட தடை

பேர்லயே 'அநாதை'ன்னு முத்திரை குத்தியிருந்தா வேலை கேட்கப் போற இடம், பொண்ணு கேட்கப் போற இடம்னு எல்லா இடத்துலயும் அது முன்னால போய் உட்கார்ந்துக்கும். நெப்போலியனோட தங்கை கணவரான ஜொவாக்கிம் முரா, 1808 முதல் 1815 வரைக்கும் நேப்பிள்ஸ் ராஜாவா இருந்தார். அவரோட ஆட்சியில, 1814-ல், விடப்பட்ட குழந்தைகளுக்கு எஸ்போஸிட்டோன்னு பேர் வைக்கிறது நிறுத்தப்பட்டுச்சு.

அப்புறம் பதிவேடு எழுதுற கிளார்க்குகள் பாடு திண்டாட்டம். தினமும் புதுசு புதுசா சர்நேம் கண்டுபிடிக்கணும்! பூ, மாசம், ஊர், கலர்னு கண்ணுல பட்டதையெல்லாம் பேரா எழுதித் தள்ளினாங்க. இதுல ஒரு காமெடி இருக்கு. 1814-க்கு முன்னாடி வந்த பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே பேர். அதுக்குப் பின்னாடி வந்தவங்க ஆளுக்கு ஒரு விநோதப் பேர். ஆகவே, எஸ்போஸிட்டோவைப் பார்த்து உள்ளுக்குள்ள சிரிச்ச அபூர்வமான சர்நேம்காரரோட கொள்ளுத்தாத்தாவும் அதே சக்கரத்துல சுத்தி வந்தவரா இருக்கலாம்!

தடை போட்டாலும், ஏற்கெனவே பேர் வாங்கினவங்க பிள்ளை குட்டிகளோட அது வளர்ந்துக்கிட்டே இருந்துச்சு. மிலான்ல 1868-லயும், நேப்பிள்ஸ்லயும் ஃப்ளாரென்ஸ்லயும் 1875-லயும் சக்கரத்தை நிறுத்தினாங்க. 1923-ல் நாடு முழுக்கவே மூடியாச்சு.

இன்னிக்கு இத்தாலியில பிரசவம் பார்த்துக்கிற அம்மா, தன் பேரைச் சொல்லாமலே ஆஸ்பத்திரியில குழந்தை பெத்துக்கச் சட்டத்துல இடம் இருக்கு. சில ஊர்கள்ல ஆஸ்பத்திரிச் சுவர்ல 'வாழ்வுக்கான தொட்டில்'னு ஒண்ணு வெச்சிருக்காங்க. உள்ளே கதகதப்பா இருக்கும். குழந்தையை வெச்சதும் சென்ஸார் உள்ளே இருக்கிறவங்களுக்குச் சொல்லிடும். மரச் சக்கரம் எலெக்ட்ரானிக் ஆனதுதான் வித்தியாசம்!

ஆனா, பேர் விஷயத்துல சட்டம் ரொம்பத் தெளிவு. 2000-ல் வந்த விதிகள்படி, பெத்தவங்க யாருன்னு தெரியாத குழந்தைக்கு, அதைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி எந்தப் பேரும் வைக்கக் கூடாது. அதாவது, இனிமே புதுசா ஒரு எஸ்போஸிட்டோ சுவர் வழியா வர முடியாது. அம்மா அப்பா வழியா மட்டும்தான் வர முடியும். அதுலயும் 2022-ல் இத்தாலியோட அரசியலமைப்பு நீதிமன்றம், பிள்ளைக்கு அப்பா சர்நேம் மட்டும் தானா போய் ஒட்டிக்கிறது செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. வேற மாதிரி முடிவு பண்ணலைன்னா ரெண்டு பேரோட சர்நேமும் வரும். ஒரு காலத்துல அம்மா யாரு, அப்பா யாருன்னு தெரியாததுக்கு அடையாளமா இருந்த பேரை, இப்போ அம்மாவும் தன் பிள்ளைக்குக் கொடுக்கலாம்!

அதே விதிகள்ல இன்னொரு கதவும் திறந்திருக்கு. 'என் சர்நேம் கேலியா இருக்கு, கூச்சமா இருக்கு, பிறப்பைக் காட்டிக்கொடுக்குது'ன்னு யாராவது நினைச்சா, மாத்தச் சொல்லி விண்ணப்பிக்கலாம். அதுக்கு வரிகூட கிடையாது. எஸ்போஸிட்டோக்கள் நினைச்சா நாளைக்கே கிளம்பிப் போய் எழுதிக் கொடுக்கலாம்.

அன்னுன்ஸியாத்தாவுல சக்கரத்தைப் பார்த்துட்டு வெளியே வந்தீங்கன்னா, உடனே பீட்ஸா கடைக்கு ஓடாதீங்க. ஃபோர்செல்லா சந்துகள்ல அடுக்குமாடி வீடுகளோட வாசல்ல காலிங் பெல் பட்டன் பலகை இருக்கும். வீட்டு நம்பர் பெருசா இருக்காது. ஒவ்வொரு பட்டன் பக்கத்துலயும் சர்நேம் இருக்கும். நின்னு நிதானமா படிச்சுப் பாருங்க. ரூஸ்ஸோ... எஸ்போஸிட்டோ... ரொமானோ... எஸ்போஸிட்டோ... மறுபடியும் எஸ்போஸிட்டோ. சுவர்ல மாட்டின அந்தப் பேர்ப் பலகைக்குப் பின்னாடி, மணி அடிச்சா கதவைத் திறக்க இன்னிக்கு ஒரு குடும்பமே இருக்கு!